ஓடாத இருபது மைல்

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மலையாண்டி அந்தக் காரைப் பார்த்தார்.

இங்கிலாந்தில் அவர் மகள் சத்தியப்பிரியா குடியிருக்கும் ஊரிலிருந்து முப்பத்தோரு மைலில், யுத்த காலத்தில் விமானம் இறங்கிய ஓடுதளம் ஒன்று சும்மா கிடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே பழைய கார்ச் சந்தை கூடும். மாப்பிள்ளை விஷ்வா அவரை அங்கே அழைத்துப்போனது கார் காட்டுவதற்காக அல்ல. காரைக்குடியிலிருந்து வந்து பதினெட்டு நாளாகியும் மாமனார் வாசலைத் தாண்டாமல், காலை ஆறு மணிக்கு மின்சார மீட்டரையும் ஆறு ஐந்துக்கு கேஸ் மீட்டரையும் பார்த்து டைரியில் குறித்துக்கொண்டிருந்தார். அதை நிறுத்துவதற்காகத்தான்.

“மாமா, நீங்க ரிட்டயர் ஆகி ஆறு வருசமாச்சு. இங்க உள்ள மீட்டரையாவது நிம்மதியா ஓட விடுங்க” என்று விஷ்வா காரை எடுத்தான்.

மலையாண்டி மின்வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் கணக்கீட்டாளராக இருந்தவர். வீடு வீடாகப் போய் மீட்டரில் உள்ள எண்ணைக் குறிப்பதுதான் வேலை. காரைக்குடியில் அவர் தெருவில் மட்டும் மூன்று மலையாண்டிகள் உண்டு. இவரை ‘மீட்டர் மலையாண்டி’ என்றால்தான் தபால்காரருக்கும் தெரியும். மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று முறையிட்டவர்களிடம் அவர் சொன்ன பதில் முப்பத்து நான்கு வருடமும் ஒன்றுதான். “மீட்டர் பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்.”

சந்தையின் நான்காவது வரிசையில் விஷ்வா கத்தினான்.

“மாமா, நம்ம ஊரு வண்டி!”

கறுப்பு வர்ணம் பூசிய அம்பாசிடர். நம்பர் பலகை அந்த ஊர்ப் பலகை. மலையாண்டி சும்மா ஒரு சுற்றுச் சுற்றினார். பின் இடப்பக்க ஜன்னல் வழியே உள்ளே பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடியில் மற்ற மூன்று கதவுகளுக்கும் பிளாஸ்டிக் குமிழ். அந்தக் கதவுக்கு மட்டும் மரக் குமிழ், பம்பரம் போலக் கடைந்தது. 1970-இல் பழைய குமிழ் உடைந்தபோது கொல்லையில் நிலைக்கதவு செய்துகொண்டிருந்த சுந்தரம் ஆசாரி, கருங்காலித் துண்டில் அதைக் கடைந்து மாட்டினார். மலையாண்டிக்கு அப்போது ஒன்பது வயது. அது அவர் உட்காரும் ஜன்னல். குமிழின் நுனியைக் கடிப்பார், அம்மாவிடம் அடி வாங்குவார், மறுபடியும் கடிப்பார். நுனியில் பல் பதிந்த இரண்டு பள்ளமும் இருந்தன.

“கதவைத் தொறக்கச் சொல்லுங்க மாப்ளே” என்றார்.

கார்க்காரர் எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரர், நீல ஓவரால் போட்டிருந்தார். கதவைத் திறந்துவிட்டார், பானெட்டையும் தூக்கிக் காட்டினார். உள்ளே தகட்டில் அடித்திருந்த எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 6138. மலையாண்டி தகட்டைப் பார்க்குமுன்பே அதை விஷ்வாவிடம் சொல்லியிருந்தார். அப்பா வேல்பாண்டி 1981-இல் யாரோ ஒரு வியாபாரிக்குத் தள்ளிவிட்ட வண்டி, எத்தனை கை மாறியோ இங்கே வந்து நிற்கிறது.

விஷ்வாவுக்கு ஒரே சந்தோஷம். மாமனாரை ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்துப் படம் எடுத்தான். அப்போதுதான் மலையாண்டியின் கண்ணுக்கு நேரே, ஓடிய மைலைக் காட்டும் மீட்டருக்குக் கீழே, வெள்ளை டேப் ஒன்று தெரிந்தது. அதில் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது.

“என்ன எழுதியிருக்காரு?”

“மீட்டர்ல காட்டுற மைல் உண்மையில்லன்னு எழுதியிருக்காரு மாமா. பழைய வண்டின்னா எல்லாரும் ஒரு பாதுகாப்புக்கு எழுதி ஒட்டுறதுதான்.”

கார்க்காரர் தலையாட்டி மறுத்தார். அப்படியில்லை, இதில் நிஜமாகவே கோளாறு என்று விளக்க ஆரம்பித்தார். தன் வண்டியின் குறையைச் சொல்வதில் அவருக்குப் பெருமை இருந்தது. விஷ்வா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். மீட்டருக்குள் எண் போட்ட சக்கரங்களுக்கு நடுவே குட்டிப் பல்சக்கரம் உண்டு. இந்த வண்டியில் பத்துகளின் இலக்கத்துக்கான பல்சக்கரம் கம்பெனி போட்டதல்ல. எப்போதோ இந்தியாவில் யாரோ பித்தளையை அரத்தால் ராவிப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பல் கட்டை. அறுபதுகளில் இருந்து எழுபதுக்குப் போகவேண்டிய எண் எழுபதில் நிற்காமல் தொண்ணூறுக்குக் குதித்துவிடும். புதிதில் எப்போதாவது ஒரு தடவை குதித்திருக்கும். தேயத் தேய இப்போது ஒவ்வொரு நூறு மைலுக்கும் ஒரு தடவை குதிக்கிறது.

“எத்தனை மைல் கூடும்?” என்று மலையாண்டி கேட்டார்.

“இருபது மைலாம் மாமா.”

மலையாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

*

வேல்பாண்டிக்குக் காரைக்குடியில் வீடு, கோட்டையூர்ப் பக்கம் வயல், புதுவயலில் ஒரு அரிசி மில்லில் பங்கு. டிரைவர் மாயக்கண்ணன். அவர் காலையில் வேல்பாண்டியைப் புதுவயல் மில்லில் இறக்கிவிட்டு வண்டியோடு வீடு திரும்புவார். மாலையில் போய்க் கூட்டிவருவார். போய்வரப் பதினான்கு மைல். வண்டி கிளம்பும்போதும் திரும்பும்போதும் மீட்டரைப் பார்த்து நீளநோட்டில் குறிக்கும் வேலையை வேல்பாண்டி 1971 பொங்கலுக்கு மகனிடம் கொடுத்தார். பத்து வயதுப் பையனுக்கு அதைவிடப் பெரிய பதவி இல்லை. ஒரு நாள் விடவில்லை. காய்ச்சலில் படுத்த நாளில்கூட மாயக்கண்ணனே ஜன்னலோரம் வந்து எண்ணைச் சொல்லிவிட்டுப் போவார்.

1973 ஜூன் 12-இல் மீட்டர் நின்றுபோய், மதுரையில் கொடுத்துச் சரிசெய்தார்கள். ஜூலை 8 அன்று பதினான்கு மைல் போய்வந்த வண்டி முப்பத்து நான்கு மைல் காட்டியது. ஆகஸ்ட் 19 அன்று மறுபடியும் முப்பத்து நான்கு. செப்டம்பர் 2 அன்று மூன்றாம் தடவை. மூன்றும் மாயக்கண்ணன் தனியாகத் திரும்பிய காலை ஓட்டம். பையன் மூன்று வரியையும் சிவப்பு மையால் கோடிட்டு அப்பாவிடம் காட்டினான்.

திருட்டு ஓட்டம் என்று வேல்பாண்டி முடிவுகட்டினார். மாயக்கண்ணன் மறுத்தார். அன்று மாலையே கருப்பர் கோயிலில் பத்துப் பேர் கூடினார்கள். மாயக்கண்ணன் உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி, அணைத்து, ஒரு மைல்கூடத் தப்பாக ஓட்டவில்லை என்று சத்தியம் செய்தார். அந்த ஊரில் அதற்குமேல் ஒரு பேச்சு இருக்கக் கூடாது. வேல்பாண்டிதான் மகனை முன்னால் தள்ளி, “நோட்டப் படிடா” என்றார். பன்னிரண்டு வயது மலையாண்டி மூன்று வரியையும் தேதியோடு உரக்கப் படித்தான். குரல் நடுங்கவில்லை.

“சாமி பாக்காததையும் மீட்டர் பாத்திருக்கு” என்றார் வேல்பாண்டி.

மாயக்கண்ணன் கோபப்படவில்லை. கரி படிந்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பையனிடம் சொன்னார்.

“தம்பி, நீங்க எழுதுனது சரியாத்தான் இருக்கும். நான் ஓட்டுனதும் சரிதான். எங்கயோ இடிக்கிது.”

பையன் அன்றிரவு கழித்தலை மூன்று தடவை போட்டுப் பார்த்தான். கழித்தல் சரியாகவே இருந்தது.

அடுத்த மாதம் அவனை மதுரையில் ஹாஸ்டலில் சேர்த்தார்கள். நோட்டு அத்தோடு நின்றது. அதற்குப் பிறகு புது டிரைவரின் மைலை யாரும் குறிக்கவில்லை. மாயக்கண்ணனுக்கு அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் வண்டி கொடுக்கவில்லை. புதுவயலில் வேறொரு மில்லில் நெல் மூட்டை தூக்கப் போனார்.

வேலை போனதுகூடப் பெரிதில்லை. அவர் மனைவி அழகி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அந்த இருபது மைலில் எவள் இருந்தாள்? பத்து மைல் போக, பத்து மைல் வர. பத்து மைல் என்றால் கண்டரமாணிக்கம். மாயக்கண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் கண்டரமாணிக்கத்தில் லாரி ஓட்டியவர். அழகிக்கு அது போதுமாக இருந்தது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது. ஒன்றில் அவளும் மகள் பொன்னுத்தாயியும். இன்னொன்றில் அவர் தனியாகப் பொங்கிக்கொண்டார். இருபத்தைந்து வருடம். 1998 நவம்பரில் மாயக்கண்ணன் இறந்தபோது அழகி தாலியில் கைவைக்க விடவில்லை. “எனக்கு மட்டுமா புருசன்? கண்டரமாணிக்கத்துக்காரிய வரச் சொல்லுங்க, அவ அறுக்கட்டும்” என்று பிணத்துக்கு முன்னால் சொன்னாள். அதைக் கேட்டவர்கள் இன்னும் புதுவயலில் இருக்கிறார்கள்.

மலையாண்டிக்கு இவ்வளவும் தெரியும். 1994 முதல் 1996 வரை அவருக்குப் புதுவயல் பிரிவு. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாயக்கண்ணன் வீட்டு மீட்டரையும் அவர்தான் குறித்தார். மீட்டர் பலகை வாசல் நிலைக்குப் பக்கத்தில். கீழே உட்கார்ந்திருக்கும் மாயக்கண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வழிவிடுவார். ஒரு தடவை மட்டும் பேசினார்.

“தம்பி, இந்த மீட்டராவது சரியா ஓடுதா?”

மலையாண்டி அட்டையில் எண்ணை எழுதிக்கொண்டே வழக்கமான பதிலைச் சொன்னார். “மீட்டர் பொய் சொல்லாது.”

மாயக்கண்ணன் சிரித்தார். சிரித்தார் என்பதுதான் மலையாண்டியின் நினைவில் உள்ளது.

*

“அதை எனக்கு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க மாப்ளே. கண்ணால பாக்கணும்.”

வெள்ளைக்காரருக்கு உற்சாகமாகிவிட்டது. மீட்டருக்குப் போகும் கேபிளின் அடிமுனையைக் கழற்றி, கையில் பிடிக்கும் ட்ரில்லில் மாட்டிச் சுற்றவிட்டார். மீட்டர் 87,466 காட்டியது. மெதுவாக 67 ஆயிற்று. 68. 69. நான்கு நிமிடம் போயிருக்கும். ஒன்பது மேலேறிச் சுழியம் வரத் தொடங்கியதும் பக்கத்துச் சக்கரத்தின் ஆறு அசைந்தது, ஏழு வந்தது, நிற்கவில்லை. ‘டிக்’கென்று சின்னச் சத்தம். 87,490.

பார்த்தீர்களா என்பதுபோல வெள்ளைக்காரர் கைதட்டினார்.

ஊரில் அப்போது பிற்பகல் மூன்று ஐம்பது. மலையாண்டி மனைவி மஹாலட்சுமியைக் கூப்பிட்டார்.

“மஹா, பரண்மேல தகரப்பெட்டியில நீளநோட்டு ஒண்ணு இருக்கு. எழுவத்தொண்ணுன்னு அட்டையில போட்டிருக்கும். எடு.”

“பொண்ணு வீட்டுக்குப் போயும் நோட்டுதானா? பேரனப் பாத்தீகளா இல்லையா? அவன் மேல எங்குட்டாச்சும் மீட்டர் மாட்டியிருந்தாத்தான் பாப்பீக.”

“எடுடி. சிவப்பு மை வரியப் படி.”

அவள் ஏணி போட்டு எடுத்துவர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தாள். ஜூலை 8: கிளம்பியது 31,460, வந்தது 31,494. ஆகஸ்ட் 19: கிளம்பியது 32,263, வந்தது 32,297. செப்டம்பர் 2: கிளம்பியது 32,568, வந்தது 32,602.

மூன்றும் அறுபதுகளில் கிளம்பியவை. மூன்றும் எழுபதைத் தாண்டவேண்டிய ஓட்டங்கள்.

மலையாண்டி சொன்னதைக் கேட்டுவிட்டு மஹாலட்சுமி நோட்டை மூடினாள். பிறகு சொன்னாள்.

“அழகி இன்னும் இருக்காக. எம்பத்தஞ்சு வயசு. அதே பழைய வீட்லதான், மக கூட, படுத்த படுக்கையா. நான் இப்பவே பஸ் ஏறிப் போயி அவுக காதுல சொல்லிட்டு வந்துரவா?”

“வேண்டாம்.”

“ஏன்?”

“அரைகுறையாச் சொல்லக் கூடாது மஹா. வேற வரியில ஏதாச்சும் இடிச்சா? நான் வந்து முழுசும் சரிபாத்துட்டு, நானே போய்ச் சொல்றேன்.”

“ஒரு கெழவிகிட்ட சொல்றதுக்கு என்னத்தச் சரிபாக்கணும்?”

“நான் வர்றேன்” என்று அவர் போனை வைத்தார்.

புறப்படுமுன் விஷ்வா வெள்ளைக்காரரிடம் ஏதோ பேசிவிட்டு வந்து, அந்த மரக் குமிழையாவது கழற்றி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டான். மலையாண்டி வேண்டாமென்றார்.

*

ஜூலை 2 அன்று ஊர் திரும்பினார். மறுநாள் காலை நோட்டை மேசையில் வைத்தார். மொத்தம் 1,846 வரி. ஒவ்வொன்றையும் புது நோட்டில் படியெடுத்து, கழித்தலைப் போட்டு, எழுபதைத் தாண்டிய ஓட்டங்களுக்கெல்லாம் தனிக் குறி வைத்தார். மீட்டரை மதுரையில் சரிசெய்த பிறகு அப்படி இருபத்து மூன்று தடவை தாண்டியிருந்தது. மூன்று தடவை குதித்திருக்கிறது, இருபது தடவை குதிக்கவில்லை. சரிசெய்வதற்கு முன்னால் ஒரு தடவைகூடக் குதித்ததில்லை. ஐயத்துக்கு எங்கேயும் இடமில்லை.

இது நான்காம் நாளே தெரிந்துவிட்டது. மீதி நாட்களில் அவர் செய்தது அழகாக எழுதியது மட்டும்தான். ஒரு பக்கத்தில் மை சிந்தியது என்று அந்தப் பக்கத்தோடு முந்தின எட்டுப் பக்கத்தையும் மறுபடி எழுதினார். மஹாலட்சுமி காபி வைக்கும்போதெல்லாம் “இன்னைக்கிப் போறீகளா?” என்பாள். “இன்னும் கொஞ்சந்தான்” என்பார். ஜூலை மாதம் முழுவதும் இப்படியே போயிற்று. கடைசியில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபது பஸ்ஸில் இரண்டு நோட்டையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு புதுவயலுக்குப் போனார். நெல் லாரிகள் வரிசையாக நின்ற தெருவைத் தாண்டி உள்ளே திரும்பினால் மூன்றாவது வீடு. வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டிருந்தது. கீற்று இன்னும் முழுதாகக் காயவில்லை.

பொன்னுத்தாயி வெளியே வந்தாள். அறுபது வயது, மில்லில் தவிடு புடைத்த கை. அவரை அடையாளம் தெரிந்தும் ‘வாங்க’ என்று அழைக்கவில்லை. துக்க வீட்டில் யாரையும் அப்படி அழைப்பதில்லை. மலையாண்டிக்குப் புரிந்துவிட்டது.

“ஆத்தா போய்ச் சேந்துருச்சு சார். போன செவ்வாய்க்கு முந்தின செவ்வா. உக்காருங்க. யாரு சொன்னா ஒங்களுக்கு?”

யாரும் சொல்லவில்லை என்றார். பாயில் உட்கார்ந்து, பையைத் திறந்து, வந்த காரியத்தைச் சொன்னார். கார், பித்தளைப் பல்சக்கரம், ட்ரில், எல்லாம். அவர் புது நோட்டை விரித்துச் சிவப்பு வரிகளைக் காட்டினார்.

“எனக்கு எழுத்துதான் வராது. நம்பரு தெரியும், மில்லுல மூட்டை எண்ணி” என்று பொன்னுத்தாயி விரலை வைத்தாள். “ஆறு… ஒம்பது. ஆறு… ஒம்பது. இங்ஙன அறுநூத்தி ரெண்டா? ஆமா, இதுவும் தாண்டித்தான் வந்துருக்கு.” விரலை எடுக்காமலே கேட்டாள். “அப்ப கண்டரமாணிக்கத்துல யாருமே இல்லையா சார்?”

“யாருமே இல்லம்மா. அந்த இருபது மைலு ஓடவே இல்ல.”

“அங்ஙன எனக்கு ஒரு தங்கச்சி இருக்கான்னுதான் சார் ஆத்தா சொல்லும். தேரோட்டத்துக்கு மூணு வருசம் போயிருக்கேன். எங்கப்பன் மூக்கு மாதிரி யாருக்கு இருக்குன்னு ஒவ்வொரு பொம்பளையாப் பாத்துட்டு நின்னுருக்கேன்.” அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அழவில்லை. பிறகு நிமிர்ந்தாள்.

“இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

நேற்றுத்தான் என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அதைச் சரிபார்க்க ஆளில்லை. மலையாண்டிக்கு அது வாய்வரை வந்து நின்றுவிட்டது.

“அம்பத்து நாலு நாள் ஆச்சு.”

பொன்னுத்தாயி விரல்விட்டு எண்ணினாள். இறந்து பத்து நாள்.

“அப்ப நாப்பத்து நாலு நாளு ஆத்தா உசுரோட இருந்துருக்கு. காது நல்லாக் கேக்கும் சார் அதுக்கு. கடைசி வரைக்கும் நெனவு தப்பல. போறதுக்கு மொத நாளுகூட, ‘அந்தாளு சாகுறப்பவாச்சும் எங்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாம்’னுச்சு.”

“முழுசும் சரிபாத்துட்டுச் சொல்லலாம்னு…”

“எங்கப்பன அனுப்புறப்ப யாரு சார் சரிபாத்தா?”

உள்ளே சுவரில் அழகியின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மாயக்கண்ணன் படம் அந்தச் சுவரில் இல்லை. சமையல் கட்டுப் பக்கம், இன்னொரு அடுப்பு இருந்த மூலைக்கு மேலே தனியாகத் தொங்கியது.

நோட்டை அவள் பக்கம் நகர்த்தி, வைத்துக்கொள் என்றார். அவள் திருப்பித் தள்ளினாள்.

“இத வச்சு நான் என்ன செய்ய? வர்ற புதன்கெழம கருமாதி. சொந்தம் பூராம் வரும். அன்னைக்கிக் கோயில்ல நின்னவுகள்ல ரெண்டு பேரு இன்னும் இருக்காக, அவுகளையும் வரச் சொல்றேன். நீங்க வந்து படிங்க.”

“நான் எழுதித் தர்றேம்மா, யாராச்சும் படிக்கட்டும்.”

“வேற யாரு படிச்சாலும் நம்ப மாட்டாக சார். அன்னைக்கும் ஒங்க வாயால படிச்சதத்தான நம்புனாக.”

மலையாண்டி இரண்டு நோட்டையும் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். சரி என்று தலையை மட்டும் அசைத்தார். துக்க வீட்டிலிருந்து புறப்படுகிறவர் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, அவர் சொல்லவில்லை. நிலைக்குப் பக்கத்தில் மீட்டர் இருந்தது. எப்போதும் அதன் கீழே உட்கார்ந்திருக்கும் ஆள் எழுந்து வழிவிடக் காத்திருப்பவர் போல அவர் ஒரு கணம் நின்றார். பிறகு எண்ணைப் பார்க்காமல் படியிறங்கினார்.